14 ஆட்டம் வென்ற அணி ஏன் வெளியூர் போக வேண்டும்?

மூன்றாவது டவுன் எழுதியது:

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் 2024 சீசனின் கடைசி லீக் ஆட்டம். மினசோட்டா வைக்கிங்ஸ், டெட்ராய்ட் லயன்ஸ் இரண்டு அணியும் 14 வெற்றி, 2 தோல்வியோடு ஃபோர்டு ஃபீல்டில் மோதின. ஜெயிக்கிற அணிக்கு என்.எஃப்.சி.யில் (லீக்கின் இரண்டு கான்ஃபரன்ஸ்களில் ஒன்று, மற்றது ஏ.எஃப்.சி.) முதலிடம், பிளேஆஃப் எனும் நாக்-அவுட் சுற்றுகளில் முதல் வாரம் ஓய்வு, கோப்பைக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்கு முந்தைய எல்லா ஆட்டமும் சொந்த மைதானத்தில். தோற்கிற அணிக்கு ஐந்தாம் இடம். லயன்ஸ் 31-9 என்று ஜெயித்தது. 14-3 என்று முடித்த வைக்கிங்ஸ், 10-7 என்று முடித்த லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸைச் சந்திக்க வெளியூருக்கு மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் நான்கு டிவிஷன் (நான்கு நான்கு அணி கொண்ட குழு). அவற்றை வென்ற நான்கு அணிகளுக்கே முதல் நான்கு இடங்கள், மேல் இடத்தில் இருப்பவர் ஊரில்தான் ஆட்டம். டிவிஷனை வெல்லாமல் வெற்றிக் கணக்கால் உள்ளே வரும் மீதி மூன்று வைல்டு கார்டு அணிகள் எத்தனை ஆட்டம் ஜெயித்திருந்தாலும் ஐந்தாம் இடத்துக்கு மேலே ஏற முடியாது. அந்த சீசன் முடிந்ததும் லயன்ஸ் நிர்வாகமே ஒரு திருத்தம் கொண்டுவந்தது: டிவிஷன் பட்டம் வென்றால் பிளேஆஃபில் இடம் உறுதி, ஆனால் யார் ஊரில் ஆட்டம் என்பதை வெற்றிக் கணக்கு தீர்மானிக்கட்டும். போதிய ஆதரவு இல்லாமல் 2025 மே மாதம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

என் கட்சி இதுதான். சொந்த மைதானம் பிளேஆஃபில் உண்மையிலேயே ஒரு பலம் என்றால், அதிக ஆட்டம் ஜெயித்தவனிடமிருந்து அதைப் பிடுங்கி இன்னொருவனிடம் கொடுப்பது அநியாயம். அது பலமே இல்லை என்றால், டிவிஷன் ஜெயித்த அணியிடமிருந்து எடுப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு வழியிலும் லயன்ஸ் சொன்னதுதான் சரி. இதை மறுப்பவர்கள் இரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

கடற்கரை ராம்ஸ் எழுதியது:

நீங்கள் எடுத்த உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது நண்பரே. அந்த ஆட்டம் எங்கள் ஊரில் நடக்கவே இல்லை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றிக் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தது. ஆட்டத்தை அரிசோனாவின் கிளெண்டேலுக்கு மாற்றினார்கள். ராம்ஸ் ஆட்டக்காரர்களில் பலர் குடும்பத்தை எங்கே தங்க வைப்பது என்ற கவலையோடுதான் விமானம் ஏறியிருப்பார்கள். ரசிகர்களில் எத்தனை பேரால் அவ்வளவு தூரம் போக முடிந்திருக்கும்?

அப்படி இருந்தும் 27-9. வைக்கிங்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) சாம் டார்னால்டை ஒன்பது முறை சாக் செய்தார்கள், அதாவது பந்தை வீசுவதற்குள் தரையில் சாய்த்தார்கள். அன்று வைக்கிங்ஸைத் தோற்கடித்தது ராம்ஸின் முன்வரிசைதான். வைக்கிங்ஸின் ஊரான மினியாபொலிஸில் ஆடியிருந்தாலும் அந்த முன்வரிசையைத் தடுக்க அவர்களிடம் ஆள் இல்லை.

புள்ளிக்கணக்கு எழுதியது:

இந்த விவாதம் எங்கே நடந்தாலும் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. "பிளேஆஃபில் உள்ளூர் அணிதான் அதிகம் ஜெயிக்கிறது, ஆகவே மைதானம் முக்கியம்" என்பார்கள். உள்ளூரில் ஆடும் உரிமை யாருக்குக் கிடைக்கிறது? பெரும்பாலும் நல்ல அணிக்கு. இரண்டாவது சுற்றில் முதலிட அணிக்கு ஒரு வார ஓய்வும் சேர்ந்துகொள்கிறது. நல்ல அணி, ஓய்வெடுத்த அணி, உள்ளூர் அணி மூன்றும் ஒரே ஆள். அந்த வெற்றியில் மைதானத்தின் பங்கு எவ்வளவு என்று வெறும் சதவீதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

2013 முதல் 2017 வரையிலான ஐந்து சீசன்களை எடுத்துக்கொள்ளுங்கள். கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டங்கள் பத்து. பத்திலும் உள்ளூர் அணியே ஜெயித்தது. இனி இதுதான் நியதி என்று எல்லோரும் எழுதினார்கள். அடுத்த சீசன், 2019 ஜனவரி 20, ஒரே நாளில் ராம்ஸ் நியூ ஆர்லியன்ஸிலும் பேட்ரியட்ஸ் கன்சாஸ் சிட்டியிலும் ஜெயித்தன. இரண்டுமே கூடுதல் நேரத்தில். அதிர்ஷ்டம் கொஞ்சம் வேறு பக்கம் சாய்ந்திருந்தால் இரண்டும் மாறியிருக்கலாம். பத்து ஆட்டத்தை வைத்து நியதி எழுதக்கூடாது.

மைதானத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்தது, கொரோனா காலத்தில். 2020 சீசனில் பல மைதானங்கள் காலி, சிலவற்றில் கொஞ்சம் பேர். லீக் ஆட்டங்களில் உள்ளூர் அணிகளின் மொத்தக் கணக்கு 127 வெற்றி, 128 தோல்வி, 1 சமன். உள்ளூர் அணிகள் மொத்தத்தில் பின்தங்கியது அதுவே முதல் முறை. அந்த சீசனின் பிளேஆஃபில் ஐந்தாம் இடத்து டாம்பா பே வாஷிங்டன், நியூ ஆர்லியன்ஸ், கிரீன் பே என்று மூன்று ஊருக்குப் போய் மூன்றிலும் ஜெயித்தது. அப்புறம் சூப்பர் பௌலைத் தன் சொந்த மைதானத்திலேயே ஆடிக் கோப்பையையும் வாங்கியது.

ஆனால் ஒன்றையும் மறைக்கக்கூடாது. 2019 சீசனில் மைதானங்கள் நிறைந்திருந்தபோதே உள்ளூர் அணிகள் 132 வெற்றி, 123 தோல்விதான். சரிவு கொரோனாவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. சூதாட்டக்காரர்கள் ஒரு காலத்தில் உள்ளூர் அணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு மூன்று புள்ளி சேர்ப்பார்கள். இப்போது அவ்வளவு கொடுப்பதில்லை.

பன்னிரண்டாம் ஆள் எழுதியது:

மொத்தக் கணக்கில் கரைந்துபோகிற விஷயத்தை ஒரு ஆட்டத்துக்குள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். நான் சியாட்டில்காரன்.

மைதானத்தில் கூட்டம் ஏன் கத்துகிறது? நம் அணி பந்தை வைத்திருக்கும்போது நாங்கள் வாயைத் திறப்பதில்லை. எதிரணி பந்தை எடுத்ததும் ஆரம்பிக்கும். அங்கே சத்தம் ஒரு வேலை செய்கிறது. குவார்ட்டர்பேக் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ரேடியோவில் பயிற்சியாளர் பேசுவது, பந்தைக் கிளப்புவதற்குக் கொடுக்கும் நேரத்தைக் காட்டும் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அறுந்துவிடும். அதற்கப்புறம் அவர் தன் ஆட்களிடம் வாயால்தான் சொல்ல வேண்டும். சத்தத்தில் முடியாது. அதனால் சைலன்ட் கவுண்டுக்கு, அதாவது குரல் இல்லாமல் சைகையால் பந்தைக் கிளப்பும் முறைக்குப் போவார்கள். முன்வரிசை நடுவில் பந்தை வைத்திருக்கும் சென்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கார்டு தலையைத் திருப்பிக் குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பார். அவர் காலைத் தூக்குவார். கார்டு சென்டரைத் தட்டுவார். ஒரு கணம் விட்டு சென்டர் பந்தைப் பின்னால் அனுப்புவார்.

இதில் என்ன இழப்பு? வழக்கமாக எந்தச் சொல்லில் பந்து கிளம்பும் என்பது தாக்குகிற அணிக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள் அரை அடி முன்னால் இருப்பார்கள். சைலன்ட் கவுண்டில் முன்வரிசை ஓரத்தில் நின்று தடுக்கும் டாக்கிளும், அவனைத் தாண்டி ஓடிவரப் போகிற எதிரணிக்காரனும், இருவருமே பந்து அசைவதைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். அந்த அரை அடி போய்விட்டது. பயந்து முன்கூட்டியே அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட், ஐந்து யார்டு தண்டம். 2005 நவம்பரில் நியூயார்க் ஜயண்ட்ஸ் இங்கே வந்து ஒரே ஆட்டத்தில் 11 ஃபால்ஸ் ஸ்டார்ட் செய்தார்கள். அவர்கள் மோசமான அணி இல்லை, அந்த ஆண்டு டிவிஷனையே வென்றவர்கள்.

2011 ஜனவரி 8. நாங்கள் 7 வெற்றி, 9 தோல்வி. ஆமாம், மூன்றாவது டவுன் சார், நீங்கள் திட்டுகிற அதே விதியால் வீட்டில் ஆடினோம். எதிரே நடப்பு சாம்பியன் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ், 11-5. கடைசிக் கட்டத்தில் நாலு புள்ளி முன்னிலை, பந்து மார்ஷான் லிஞ்ச் கையில். 67 யார்டு ஓடினார். பிடிக்க வந்தவர்களை ஒவ்வொருவராக உதறினார், ஒருவரைக் கையாலேயே தள்ளித் தரையில் போட்டார். நான் மேல் அடுக்கில் இருந்தேன். காலுக்கடியில் கான்கிரீட் ஆடியதை உணர்ந்தேன். முன்வரிசைக்காரர் திரும்பி முன்பின் தெரியாத என்னைக் கட்டிப்பிடித்தார். அருகிலிருந்த நிலநடுக்கமானியில் அந்த அதிர்வு பதிவானது. 41-36.

அந்த ஆட்டம் நியூ ஆர்லியன்ஸின் சூப்பர்டோமில் நடந்திருந்தால் நாங்கள் ஜெயித்திருப்போமா? நான் நம்பவில்லை. சொந்த மைதானம் பலம்தான்.

மூன்றாவது டவுன் எழுதியது:

நன்றி. சூப்பர்டோமில் ஜெயித்திருக்க மாட்டோம் என்று நீங்களே சொல்கிறீர்கள். 11 ஆட்டம் ஜெயித்த சாம்பியன் அணி, பாதி ஆட்டம்கூட ஜெயிக்காத அணியிடம் தோற்றதற்கு இடமும் ஒரு காரணம் என்கிறீர்கள். நான் கேட்பதும் அதே கேள்வி. அந்த இடத்தை அவர்கள் எதனால் இழந்தார்கள்? அதே டிவிஷனில் அட்லாண்டா 13 ஆட்டம் ஜெயித்ததால்.

லாம்போ வாசி எழுதியது:

சத்தத்தைப் பற்றிப் பேசியாகிவிட்டது. குளிரைப் பற்றி விஸ்கான்சினிலிருந்து நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஊரார் கற்பனை அதிகம்.

1967 டிசம்பர் 31. கிரீன் பே பேக்கர்ஸின் மைதானமான லாம்போ ஃபீல்டு. மைனஸ் 13 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 25 செல்சியஸ். புல்லுக்கடியில் போட்டிருந்த வெப்பக் கம்பிகள் வேலை செய்யவில்லை. நடுவர்களின் விசில் உறைந்தது. கடைசி விநாடிகளில் எங்கள் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் தானே பந்தோடு கோட்டைத் தாண்டி விழ, டல்லஸை 21-17 என்று கிரீன் பே வென்றது. அந்த ஒரு ஆட்டம் இந்த ஊருக்கு ஒரு பெயர் வாங்கிக் கொடுத்தது: ஜனவரியில் இங்கே வந்து யாரும் ஜெயிக்க முடியாது. உண்மையிலேயே 2003 ஜனவரி வரை பேக்கர்ஸ் சொந்த மண்ணில் ஒரு பிளேஆஃப் ஆட்டமும் தோற்றதில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று? 2003 ஜனவரியில் மைக்கேல் விக்கின் அட்லாண்டா வந்து 27-7 என்று அடித்துவிட்டுப் போனது. கூரைக்கடியில் ஆடிப் பழகிய தென்னாட்டு அணி. 2005இல் வைக்கிங்ஸ். 2008இல் ஜயண்ட்ஸ், மைனஸ் 1 டிகிரி ஃபாரன்ஹீட்டில், கூடுதல் நேரத்தில். 2012இல் மறுபடி ஜயண்ட்ஸ், அப்போது நாங்கள் 15-1. 2014இல் சான் ஃபிரான்சிஸ்கோ. 2021இல் ஃபுளோரிடாவிலிருந்து வந்த டாம்பா பே. 2022இல் மறுபடி சான் ஃபிரான்சிஸ்கோ, பனி விழுந்துகொண்டிருக்கும்போது 13-10. எங்கள் பண்ட்டை (பந்தை எதிரணிக்கு விட்டுத் தூரமாக உதைப்பது) தடுத்து டச்டவுன் (பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) ஆக்கி, கடைசி உதையில் முடித்தார்கள். முதலிடம், ஓய்வு வாரம், லாம்போ, பனி, எல்லாம் எங்கள் பக்கம்தான் இருந்தன.

அந்த 2022 ஆட்டத்தன்று நான் மைதானத்தில் இருந்தேன். இங்கே பழகியவர்கள் அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைக் கொண்டுபோய் பூட்ஸுக்கு அடியில் போட்டுக்கொள்வார்கள், கான்கிரீட்டின் குளிர் காலில் ஏறாமல் இருக்க. பழகாதவர்கள் இடைவேளைக்குள் காலை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஆட்டக்காரர்களுக்கு இந்த வித்தியாசமே கிடையாது. இரண்டு பக்கமும் சூடேற்றிய பெஞ்ச், இரண்டு பக்கமும் ஒரே கையுறை. கிரீன் பே அணியில் இருப்பவர்களும் கலிஃபோர்னியா, டெக்சஸ், ஃபுளோரிடாப் பையன்கள்தானே. விஸ்கான்சினில் சம்பளம் வாங்குவதால் ரத்தம் மாறிவிடுமா?

குளிர் பந்தைக் கல்லாக்கும், உதைத்தால் தூரம் போகாது. அது உள்ளூர்க்காரனுக்கும் அப்படியேதான். 2016 ஜனவரியில் மினியாபொலிஸ் திறந்தவெளி மைதானத்தில் மைனஸ் 6 டிகிரி ஃபாரன்ஹீட். அரை நிமிடத்துக்கும் குறைவு மிச்சம், 27 யார்டு உதை, ஜெயித்துவிடலாம். உள்ளூர் உதைகாரர் பிளேர் வால்ஷ் அதை இடது பக்கம் அடித்துவிட்டார். 10-9 என்று ஜெயித்தது சியாட்டில்.

குளிர் முன்பு உதவியது, வெளியூர்க்காரன் தயாராகாமல் வந்தான் என்பதால். இப்போது தயாராகி வருகிறான். சைலன்ட் கவுண்டும் அப்படித்தான். வாரம் முழுக்க ஒலிபெருக்கியில் சத்தத்தைப் போட்டுப் பழகிவிட்டு வருகிறார்கள்.

பன்னிரண்டாம் ஆள் எழுதியது:

2024 ஜனவரியில் மயாமி டால்ஃபின்ஸ் கன்சாஸ் சிட்டிக்குப் போய் மைனஸ் 4 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஏழே புள்ளி எடுத்ததே, அண்ணா? 26-7. கன்சாஸ் சிட்டி குவார்ட்டர்பேக் மஹோம்ஸின் ஹெல்மெட் மோதலில் உடைந்து துண்டாகப் பறந்த குளிர் அது. பார்க்கப் போன ரசிகர்களில் சிலருக்கு உறைபனிக் காயத்தில் விரல்களை வெட்ட வேண்டியதாயிற்று. அதற்குமா தயாராகி வந்தார்கள்?

லாம்போ வாசி எழுதியது:

அந்த மயாமி தயாராகவில்லை, ஒத்துக்கொள்கிறேன். வேகத்தையும் துல்லியமான நேரத்தையும் நம்பிய அணி அது, குளிரில் இரண்டும் போயின. ஆனால் இதில் இன்னொன்று இருக்கிறது. மயாமிக்கும் ஒரு சொந்த மைதானப் பலம் உண்டு. செப்டம்பர் வெயிலில் அங்கே உள்ளூர் பெஞ்ச் நிழலில், எதிரணி பெஞ்ச் சுடுவெயிலில். அந்தப் பலத்தை ஜனவரியில் அவர்களால் எடுக்கவே முடியாது. பிளேஆஃப் நடக்கும் மாதமே வடக்கத்தி அணிகளுக்குச் சாதகம். வெற்றிக் கணக்கின்படி இடம் கொடுத்தாலும் இந்த ஏற்றத்தாழ்வு போகாது.

மைல் உயரம் எழுதியது:

டென்வரிலிருந்து ஒரு குரல். இங்கே கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி. மூச்சு வாங்கும் என்பார்கள். ஆனால் 1997 ஜனவரியில் ஜாக்சன்வில் வந்து 30-27 என்று எங்கள் 13-3 அணியை வீட்டுக்கு அனுப்பியது. 2013 ஜனவரியில் இதே 13-3, பால்டிமோர் இரட்டைக் கூடுதல் நேரம் ஆடி 38-35. கடற்கரை ஊர்க்காரர்கள் ஐந்தாவது குவார்ட்டரைத் தாண்டியும் ஓடினார்கள். வெறும் உயரத்தை நான் நம்புவதில்லை.

நான் நம்புவது 2015 சீசனை. அந்த ஒரு சீசனை முழுதாகப் பார்த்தால் சொந்த மைதானம் என்பது என்ன என்று தெரியும். நவம்பர் 29, பனியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸைக் கூடுதல் நேரத்தில் 30-24 என்று வென்றோம். அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேட்ரியட்ஸ் கடைசி இரண்டு ஆட்டத்தையும் தோற்றது. ஜெட்ஸிடம் ஒன்று, மயாமியிடம் 20-10 என்று ஒன்று. நாங்கள் கடைசி நாளில் சான் டியேகோவுக்கு எதிராகத் தடுமாறிக்கொண்டிருந்தோம். காயத்திலிருந்து மீண்டு பெஞ்சில் இருந்த எங்கள் குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங் பாதியில் இறங்கினார், 27-20. இரண்டு அணியும் 12-4. நேருக்கு நேர் ஜெயித்தது நாங்கள் என்பதால் முதலிடம் எங்களுக்கு.

ஏ.எஃப்.சி. இறுதி டென்வரில். எங்கள் கூட்டத்தின் சத்தத்தில் பேட்ரியட்ஸ் சைலன்ட் கவுண்டுக்குப் போனார்கள். சென்டர் பிரையன் ஸ்டோர்க் பந்தைக் கொடுப்பதற்கு முன் தலையை அசைப்பதை எங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் வான் மில்லர் பந்தோடு பந்தாகக் கிளம்பினார். இரண்டரை சாக். அவர்களின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை ஆட்டம் முழுக்க அடித்துத் தள்ளினார்கள். அப்படியும் 12 விநாடி இருக்கும்போது ராப் கிராங்கோவ்ஸ்கி டச்டவுன் பிடித்தார். சமன் செய்ய எடுத்த இரண்டு புள்ளி முயற்சி தோற்று 20-18.

வித்தியாசம் இரண்டே புள்ளி. அதே ஆட்டம் பேட்ரியட்ஸின் ஊரான ஃபாக்ஸ்பரோவில் நடந்திருந்தால் பிரேடி தன் குரலில் எண்ணியிருப்பார். மில்லருக்கு அந்த அரை அடி கிடைத்திருக்காது. மேனிங் கடைசிக் கோப்பையோடு ஓய்வு பெற்றிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். மயாமியில் பேட்ரியட்ஸ் விட்டுக்கொடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவர்கள் கொடுத்த விலை ஒரு சூப்பர் பௌல்.

கடற்கரை ராம்ஸ் எழுதியது:

நடுவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே? கூட்டம் கத்தினால் நடுவர் கை உள்ளூர் அணிப் பக்கம் சாயும் என்று எப்போதும் ஒருவர் வருவார். அவர் வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரியில் சூப்பர்டோமில் எங்கள் ரோபி-கோல்மன் பந்து வருவதற்கு முன்பே செயின்ட்ஸ் ரிசீவரை மோதித் தள்ளினார். நாடே பார்த்தது. நடுவரின் தண்டக் கொடி விழவில்லை. காது கிழியும் கூட்டத்துக்கு நடுவே, உள்ளூர் அணிக்கு எதிராக, ஒரு சூப்பர் பௌலையே தீர்மானித்த தவறு. அதற்காக அடுத்த சீசனுக்கு விதியையே மாற்றிப் பார்த்தார்கள், ஒரே ஆண்டில் கைவிட்டார்கள்.

புள்ளிக்கணக்கு எழுதியது:

ஒரு ஆட்டம் எதையும் நிரூபிக்காது, உங்கள் ஆட்டமும் சேர்த்துத்தான். கூட்டத்தின் அழுத்தம் ஆயிரம் சின்ன முடிவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியலாம். பெரிய தவறு ஒன்றில் தேடக்கூடாது.

மைல் உயரம் சொன்ன வழியை இன்னும் ஒரு படி நீட்டுகிறேன். ஒரே இரண்டு அணி, ஒரே குவார்ட்டர்பேக்குகள், இடம் மட்டும் மாறினால் என்ன ஆகும்? அப்படி ஒரு தொடர் நம்மிடம் இருக்கிறது. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸும் பேட்ரியட்ஸும். 2004 ஜனவரி, ஃபாக்ஸ்பரோ: பேட்ரியட்ஸ் 24-14, அப்போது கோல்ட்ஸில் இருந்த மேனிங் நான்கு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிடும் வீச்சு), அதில் மூன்று பேட்ரியட்ஸின் டை லாவுக்கு. 2005 ஜனவரி, மறுபடி ஃபாக்ஸ்பரோ: 20-3. அந்த சீசனில் 49 டச்டவுன் வீசி சாதனை படைத்த மனிதரால் அன்று ஒன்றுகூட வீச முடியவில்லை. 2007 ஜனவரி 21, இந்த முறை இண்டியானாபொலிஸின் கூரைக்கடியில்: 21-3 என்று பின்தங்கி, பிறகு 38-34 என்று ஜெயித்தார்கள்.

மூன்றே ஆட்டம், ஆட்களும் கொஞ்சம் மாறினார்கள், பேட்ரியட்ஸின் உதைகாரர் ஆடம் வினட்டேரியே கட்சி மாறிக் கோல்ட்ஸுக்கு உதைத்தார். இருந்தாலும் இதில் எனக்கு ஒன்று தெரிகிறது. கோல்ட்ஸ் கூரைக்கடியில், செயற்கைப் புல்லில், குவார்ட்டர்பேக் கோட்டுக்கு வந்து கத்தி ஆட்டத்தை மாற்றுவதற்காகவே கட்டிய அணி. அவர்களுக்கு இடம் மாறுவது வேறு அணியாக மாறுவதற்குச் சமம். 2021 சீசனின் பிளேஆஃபில், 2022 ஜனவரியில், ஒரே நாளில் டென்னசியும் கிரீன் பேயும், இரண்டு முதலிட அணிகளும், சொந்த மைதானத்தில் கடைசி உதையில் தோற்றன. அவை அப்படி மைதானத்துக்கென்று கட்டிய அணிகள் இல்லை.

ஆகவே என் பதில்: எல்லா அணிக்கும் பொதுவான ஒரு "சொந்த மைதானப் பலம்" சின்னது, குறைந்தும் வருகிறது. குறிப்பிட்ட அணிக்குக் குறிப்பிட்ட இடம் தரும் பலம் பெரியது. விதி எழுதுகிறவர்கள் முதலாவதைத்தான் கணக்கில் எடுக்க முடியும்.

மூன்றாவது டவுன் எழுதியது:

சின்னது என்றே வைத்துக்கொள்வோம். லீக் அதை எப்படிப் பார்த்தது என்று சொல்கிறேன்.

2023 ஜனவரி 2, சின்சினாட்டியில் பஃபலோ ஆட்டக்காரர் டமார் ஹாம்லின் இதயம் நின்று மைதானத்தில் விழுந்தார். ஆட்டம் ரத்து. பஃபலோ பில்ஸ் கன்சாஸ் சிட்டியைவிட ஒரு ஆட்டம் குறைவாக ஆடி முடித்தது. அந்த ஒரு ஆட்டத்தால் ஏ.எஃப்.சி. இறுதியை வீட்டில் நடத்தும் உரிமை யாருக்கு என்பது நியாயமாகத் தீராது என்று லீக்கே ஒப்புக்கொண்டது. இருவரும் இறுதியில் சந்தித்தால் அட்லாண்டாவில், பொது மைதானத்தில் என்று முடிவெடுத்தார்கள். பல்லாயிரக்கணக்கில் டிக்கெட்டும் விற்றார்கள். சின்சினாட்டி பஃபலோவுக்கே போய்ப் பனியில் 27-10 என்று ஜெயித்ததால் அது தேவைப்படவில்லை. ஒரே ஒரு ஆட்டக் கணக்கு தவறியதற்கு அவ்வளவு கவலைப்பட்ட லீக், 14 வெற்றிக்கும் 10 வெற்றிக்கும் இடையே நாலு ஆட்டம் இருக்கும்போது ஏன் கவலைப்படுவதில்லை?

இந்த விதி ஆகாயத்திலிருந்து விழுந்ததும் இல்லை. 1974 வரை யார் ஊரில் ஆட்டம் என்பது டிவிஷன் வாரியாகச் சுழற்சி முறையில் வந்தது. 1972இல் ஒரு ஆட்டமும் தோற்காத மயாமி, ஏ.எஃப்.சி. இறுதிக்குப் பிட்ஸ்பர்க் போக வேண்டியிருந்தது. 21-17 என்று தப்பினார்கள். அப்படி ஒரு அணியை வெளியூருக்கு அனுப்பியது இன்று யாருக்காவது சரியாகப் படுகிறதா? 1975இல் வெற்றிக் கணக்குக்கு மாறினார்கள், ஆனால் டிவிஷன் வென்றவர்களுக்கு இடையே மட்டும். பாதிக் கிணறு தாண்டி நிற்கிறோம்.

லாம்போ வாசி எழுதியது:

டிவிஷன் என்பது வெறும் பெயர்ப்பலகை இல்லை தம்பி. 17 ஆட்டத்தில் 6 ஆட்டம் அதே மூன்று எதிரிகளோடு. மீதியில் பலமான டிவிஷனோடு மோதும் ஆண்டும் உண்டு, சொத்தை டிவிஷனோடு மோதும் ஆண்டும் உண்டு. ஒரு டிவிஷனின் 14-ஐ இன்னொரு டிவிஷனின் 10-உடன் நேராக ஒப்பிட முடியாது. டிவிஷனுக்குள் மட்டும்தான் ஏறக்குறைய ஒரே பாதையில் ஓடுகிறார்கள்.

அப்புறம் ஊர். 2024 ஜனவரியில் டெட்ராய்ட் 30 ஆண்டுக்குப் பிறகு வீட்டில் ஒரு பிளேஆஃப் ஆட்டம் பார்த்தது. 24-23. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் பேரப்பிள்ளையோடு வந்தார்கள். டிவிஷன் பட்டம் கொடுத்த ஆட்டம் அது. அதை எடுத்துவிட்டால் டிசம்பரில் டிவிஷனுக்காக யார் உயிரைக் கொடுத்து ஆடுவான்?

மூன்றாவது டவுன் எழுதியது:

அந்த லயன்ஸ் 12-5. எதிரே வந்த ராம்ஸ் 10-7. வெற்றிக் கணக்குப்படியும் ஆட்டம் டெட்ராய்டில்தான் நடந்திருக்கும். உண்மையிலேயே ஜெயித்த ஊரிடமிருந்து இந்தத் திருத்தம் எதையும் எடுக்காது. அட்டவணை சமமில்லை என்கிறீர்கள், சரி. ஆனால் வைல்டு கார்டு அணிகளைக் கான்ஃபரன்ஸ் முழுக்க ஒப்பிட்டுத்தானே தேர்ந்தெடுக்கிறோம்? முதலிடத்தையும் நான்கு டிவிஷன்களை ஒப்பிட்டுத்தானே கொடுக்கிறோம்? அங்கெல்லாம் இந்த வாதம் ஏன் வருவதில்லை?

மைல் உயரம் எழுதியது:

வாதத்தில் நீங்கள் ஜெயித்தாலும் ஓட்டில் ஜெயிக்க மாட்டீர்கள். விதி மாற 32 உரிமையாளர்களில் 24 பேர் வேண்டும். ஒன்பது பத்து ஆட்டம் ஜெயித்தாலே டிவிஷன் கிடைக்கும் என்று காத்திருக்கும் ஒன்பது பேர் போதும், தடுத்துவிடுவார்கள். முழுதாகக் கேட்காமல் கொஞ்சமாகக் கேட்கலாம். பாதி ஆட்டத்துக்கும் குறைவாக ஜெயித்த டிவிஷன் சாம்பியனுக்கு மட்டும் சொந்த மைதானம் கிடையாது என்று ஒரு வரி. 2010 சியாட்டில், 7-8-1 என்று முடித்து அரிசோனாவை வீட்டில் வைத்து வென்ற 2014 கரோலினா, இப்படி அபூர்வமாக வருவதுதான். அதற்கு 24 கை உயரலாம்.

மூன்றாவது டவுன் எழுதியது:

அதற்கும் நான் கை தூக்குவேன். ஆனால் வைக்கிங்ஸுக்கு அது எதுவும் செய்யாது. ராம்ஸ் 10 ஆட்டம் ஜெயித்த அணி. நான் முழுத் திருத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

பன்னிரண்டாம் ஆள் எழுதியது:

நான் தூக்க மாட்டேன். அந்த வரி 2010இல் இருந்திருந்தால் 41-36 இல்லை, லிஞ்சின் ஓட்டம் இல்லை. அன்று 7-9 என்று நாடே எங்களைக் கேலி செய்தது, மைதானம் மட்டும்தான் எங்களிடம் இருந்தது. செயின்ட்ஸுக்கு அது அநியாயம் என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த ஆட்டத்தை நான் யாருக்கும் திருப்பிக் கொடுக்கத் தயாராக இல்லை.